மோசமாக நட்டவனுக்கு எழுநூறு

ஒரே நாளில் நான் வாங்கிய மிகப் பெரிய கூலி, என் வாழ்க்கையில் நான் மிக மோசமாகச் செய்த வேலைக்குக் கிடைத்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பட வேண்டிய வெட்கத்தையெல்லாம் அன்றைக்கே முழங்கால் சேற்றில் நின்று பட்டு முடித்துவிட்டேன்.

செய்யூர் பக்கம் எங்கள் ஊர். நான் மறைமலைநகரில் கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. விடியும் முன்பே மெயின் ரோட்டுக்கு வந்துவிடும் கம்பெனி பஸ்ஸில் ஏறி, உட்கார்ந்ததும் தூங்கி, இறங்கும்போது விழிப்பது பல வருடப் பழக்கம். இரண்டு வருடங்களுக்கு முன்னால், பொங்கல் நெருங்கும் சமயம், லைனில் புது மெஷின் வைக்கப்போகிறோம் என்று எங்களை இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. முதல் நாள் நன்றாகத் தூங்கினேன். இரண்டாம் நாளும் தூங்கினேன். மூன்றாம் நாளிலிருந்து வீட்டில் எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். சட்னியில் காரம், பையனின் கையெழுத்து, பக்கத்து வீட்டு டிவி சத்தம். எனக்குக் கோபம் சட்டென்று வரும். சும்மா இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும்.

என் மனைவிக்கோ அந்தச் சமயம் மூச்சுவிட நேரமில்லை. மழையில் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் நவரைப் பட்டத்து நெல் நடவு. அவள் ஒரு நடவு செட்டுக்குத் தலைவி. செட் என்றால் பன்னிரண்டு பெண்கள். நிலத்துக்காரர்களிடம் பேசுவது, நாள் குறிப்பது, இவர்களுக்குள் சண்டை வந்தால் தீர்த்துவைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. என் மாமியாரும் அந்த செட்டில் உண்டு. அறுபதைத் தாண்டியவர். குனிந்தால் மறுகரை வரும்வரை நிமிரமாட்டார்.

அந்த வருடம் என் மனைவி தன் செட்டுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். இந்தப் பட்டத்தில் ஆண்களுக்குக் கொடுக்கும் அதே கூலியை வாங்கித் தருகிறேன் என்று.

இந்தக் கூலி விஷயம் எனக்குப் புதிதல்ல. அப்பாவுக்கு ஒரு மரக்கால் நெல் அளந்த களத்தில் அம்மாவுக்கு அரை மரக்கால்தான் அளந்தார்கள். அம்மா அதை முந்தானையில் ஏந்திக்கொண்டு சிரித்தபடியே வருவாள். பிறகு கூலியைப் பணமாகக் கொடுத்தார்கள். இரண்டு கூலியும் ஏறின. ஆனால் பெண் கூலி ஆண் கூலியை ஒருநாளும் எட்டிப்பிடிக்கவில்லை. நூறு நாள் வேலை வந்தபோதுதான் முதல்முறையாக இருவருக்கும் ஒரே தொகை வங்கியில் ஏறியது. என் மாமியார் பாஸ்புக்கை யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "யாரோ ஆம்பள கூலிய என் கணக்குல போட்டுட்டாங்க" என்று பயந்துபோய், பஸ் ஏறி வங்கிக்குப் போய், திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். கவுன்ட்டரில் இருந்த பெண் "இது உங்க கூலிதாம்மா" என்று மூன்று முறை சொல்லி அனுப்பிவைத்தாராம். ஊரே ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அன்றையிலிருந்து யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் அப்போது வயல் வேலைக்கு ஆணுக்கு எழுநூறு, பெண்ணுக்கு நானூறு. செட்டில் இளசுகள் நாலைந்து பேர், "இந்த நானூறுக்கு எதுக்கு இடுப்ப ஒடிக்கணும்? நாங்க மறைமலைநகர்ல பேக்கிங் வேலைக்குப் போறோம்" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஒருத்தி அடையாள அட்டைக்குப் போட்டோ கூட எடுத்துவிட்டாள். கூலி ஏறாவிட்டால் பொங்கலோடு செட் கலைந்துவிடும். ஒன்பது வருடமாக ஒவ்வொருத்தியாகச் சேர்த்துக் கட்டிய செட். அது போய்விடுமோ என்று என் மனைவி சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூடக் கவலையோடு உட்கார்ந்திருந்தாள்.

ஏரிக்கரை ஓரம் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் நிலத்துக்காரரிடம்தான் முதலில் கேட்டாள். தங்கமான மனிதர். பத்து மணிக்கு டீ, வடை தவறாது. கூலியை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார். மகன் சென்னைப் பக்கம் படூரில் அபார்ட்மெண்ட் வாங்கிக்கொண்டு போய்விட்டான். இவர் ஊரைவிட்டு நகரவில்லை. அவர் நிலம் ஆழமான சேறு என்பதால் நடவு மெஷின் இறங்காது, கை நடவுதான். இவ்வளவும் இருந்தும் அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ஆம்பள கூலி ஆம்பளக்கிதாம்மா."

அன்று மாலை அவள் இதைச் சொல்லிக் குமுறியபோது நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அவரு சொல்றதுல இன்னா தப்பு? நாத்து பறிச்சி, கட்டு கட்டி, தலையில தூக்கினு போறது கஷ்டமான வேல. நடறது இன்னா? குனிஞ்சி குனிஞ்சி குத்திகினே போறதுதானே. எங்கம்மா பாட்டு பாடிகினே நடும்."

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நாளைக்கி அவரு நெலத்துலதான் நடவு. எங்க செட்ல ஒருத்தி பொண்ணு பிரசவத்துக்கு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. ஒரு ஆளு கொறையுது. வரியா?"

"வரேன்" என்றேன். இதெல்லாம் ஒரு வேலையா என்ற மாதிரி.

மறுநாள் காலை கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றபோது பதினோரு பெண்களும் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாற்றங்காலில் நாலு ஆண்கள் நாற்றுப் பறித்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மட்டும் பொத்திக்கொள்ளாமல் சிரித்தார்கள். "இன்னா மச்சான், பொம்பள செட்ல சேந்துட்டியா?" என்று ஒருவன் கூவினான். வேலையில் காட்டுகிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

எல்லோரும் வரிசையாக நின்றோம். ஆளுக்கு ஒரு பாத்தி அகலம். நட்டுக்கொண்டே பின்னால் போக வேண்டும். எனக்கு ஒருபக்கம் என் மனைவி, மறுபக்கம் மாமியார். மூன்று நாற்றை எடுத்து ஒரு குத்தாக, விரல் நுனியால் சேற்றில் செருக வேண்டும். ஆழமாக வைத்தால் அழுகிவிடும், மேலாக வைத்தால் மிதந்துவிடும். இவ்வளவுதான் வேலை. பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகு இடுப்பு என்று எனக்கு ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது. நிமிர்ந்தேன். குனிந்தேன். மறுபடி நிமிர்ந்தேன். நான் நட்ட நாற்றெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று என்னைப் பார்த்தே மிதந்து வந்தது. பக்கத்தில் மாமியாரின் கை தையல் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

நடவில் ஒரு வழக்கம் உண்டு. பின்தங்குகிறவளுக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள் சத்தமில்லாமல் அவள் பாத்தியையும் சேர்த்து நட்டு அடைத்துவிடுவார்கள். அவள் நடுவில் சேற்றுத் தீவில் நிற்பாள். நாலா பக்கமும் பயிர். காலை வைக்க இடமில்லை. அபராதமாக எல்லோருக்கும் போண்டா வாங்கித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டால்தான் வழிவிடுவார்கள். சின்ன வயதில் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அது எனக்கு நடக்கும் என்று நினைக்கவில்லை.

எதற்கோ நிமிர்ந்து சுற்றிப் பார்த்தபோது நான் அடைபட்டிருந்தேன். முன்னால் என் சொட்டை நடவு. பின்னால் பச்சைப் பசேலென்று இரண்டு ஆள் நீளத்துக்கு நேர்த்தியான வரிசை. அடைத்தது வேறு யாருமில்லை, என் மாமியார்தான். மருமகனை நிமிர்ந்து பார்த்துப் பேசாத மரியாதைக்காரர், நிமிராமலே காரியத்தை முடித்துவிட்டார்.

"மாமா மாட்னாரு!" என்று ஒருத்தி கத்தினாள். பதினோரு பேரும் நடவை நிறுத்திவிட்டுச் சிரித்த சிரிப்பில் ஏரிக்கரைக் கொக்குகளெல்லாம் பறந்தன. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு ஒரு காலைத் தூக்கி வைக்கப் பார்த்து, மறுகால் சேற்றில் மாட்டிக்கொண்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வரப்பில் டீ பாத்திரத்தோடு வந்த நிலத்துக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "டேய், எழுந்து வாடா, நெல்லு வெளையற எடத்துல நீ வெளைஞ்சிடப் போற" என்றார்.

பதினோரு போண்டாவுக்கு ஒப்புக்கொண்டு வெளியே வந்தேன்.

கட்டுக் கட்டிய ஆண்கள் இரண்டு நாளுக்குமான நாற்றையும் மதியத்துக்குள் பறித்து முடித்து, கால் கழுவி, ஆளுக்கு எழுநூறு வாங்கிக்கொண்டு பைக்கில் போய்விட்டார்கள். நாங்கள் நாலரை மணி வரை குனிந்திருந்தோம். நான் நட்ட இடத்தையெல்லாம் என் மனைவி திரும்பி வந்து பிடுங்கி மறுபடி நட்டாள். அதாவது நான் இல்லாவிட்டால் அவர்கள் இன்னும் சீக்கிரமே முடித்திருப்பார்கள்.

சாயங்காலம் நிலத்துக்காரர் வரப்பில் நின்று கூலி கொடுத்தார். என் மனைவிக்கு நானூறு, மாமியாருக்கு நானூறு, வரிசையாக எல்லோருக்கும் நானூறு. கடைசியாக நான். அவர் கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. எழுநூறு.

அவர் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. ஆண் என்றால் எழுநூறு என்பது அவர் கைக்குப் பழகிப்போன கணக்கு. நானும் யோக்கியன் ஒன்றுமில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பணத்தை வாங்கியதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். காலையிலிருந்து ஓயாமல் சிரித்த பதினோரு பேரும் என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாமியார் என்னிடம் பேசவில்லை. மகளிடம் கேட்டார்: "உன் வூட்டுக்காரரு எத்தினி குத்து நட்டாருன்னு கேளு."

அந்த நொடியில் எனக்கு வயல் மறந்து கம்பெனி ஞாபகம் வந்தது. லைனில் என் எதிரே நின்று அளவு சரிபார்க்கும் பெண்களுக்கு என்னைவிடச் சம்பளம் குறைவு. எனக்கு அது தெரியும். நாங்கள் நைட் ஷிஃப்ட் பார்க்கிறோம், அதனால்தான் என்று நானே பலரிடம் விளக்கம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய ஒரு வருடமாக எங்கள் லைனில் நைட் ஷிஃப்டே கிடையாது. எனக்குக் கோபம் வந்தது. இந்த முறை கோபம் என் மேல்தான் என்று எனக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில், "எல்லாக் கூலியையும் ஒண்ணா போட்டு சமமா பிரிச்சிக்கலாம். என்னுதையும் சேத்துக்க" என்றேன். பெரிய மனசு என்று பாராட்டுவாள் என எதிர்பார்த்தேன்.

"ஒண்ணும் வாணாம்" என்றாள். "உன் தர்மத்த வாங்கினா அவரு தப்பிச்சிக்குவாரு. அந்த எழுநூற அப்படியே வெச்சிக்க. ஒரு ரூபா எடுக்காத."

"போண்டா வாங்கணுமே?"

"கடன் சொல்லு."

மறுநாள் ஏழு மணிக்கு செட் வயலில் இறங்கவில்லை. பதினோரு பேரும் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு ஏக்கர் பாக்கி. பறித்துக் கட்டிய நாற்று வரப்பில் கிடக்கிறது. இன்னொரு நாள் கிடந்தால் மஞ்சளாகிவிடும். என் மனைவி வெளியே தைரியமாக இருந்தாள். ஆனால் உள்ளே வந்து தண்ணீர் குடிக்கும்போது ஜன்னல் வழியாகத் தெருமுனையை எட்டி எட்டிப் பார்த்தாள். அவர் வேறு செட்டைக் கூப்பிட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது.

ஏழரைக்கு அவருடைய டிவிஎஸ் சத்தம் கேட்டது.

"இன்னாம்மா, எல்லாம் இங்க குந்திகினு கீறீங்க? நாத்து வாடிப்போவுது."

"வரோம் அண்ணாத்த. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள் என் மனைவி. "நேத்து உங்க நெலத்துல மோசமா நட்டது யாரு?"

அவர் என்னைப் பார்த்ததும் முந்தைய நாள் சிரிப்பு திரும்பிவந்துவிட்டது. "இதுல இன்னா சந்தேகம்? உன் புருஷன்தான்."

"அவருக்கு எத்தினி குட்த்தீங்க?"

சிரிப்பு பாதியில் நின்றது.

"எழுநூறு" என்று அவருக்குப் பதிலாக நானே சொன்னேன். சட்டைப் பையிலிருந்து எடுத்தும் காட்டினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் காட்ட வேண்டும் போல் இருந்தது.

"மோசமா நட்டதுக்கே எழுநூறுன்னு நீங்கதான் அண்ணாத்த வெல வெச்சீங்க. நாங்க வெக்கல" என்றாள். "நல்லா நட்டவங்களுக்கு அதவிட ஜாஸ்தி கேக்கணும். நாங்க கேக்கல. அதே எழுநூறு போதும்."

"அது வழக்கம்மா…"

"வழக்கம்னா சரி. இன்னிக்கி பன்னெண்டு ஆம்பளய கூட்டியாந்து நட்டுக்குங்க. எங்களுக்குக் கோவம் இல்ல."

அவர் மறுபடி என்னைப் பார்த்தார்.

"என்னப் பாக்காதீங்க" என்றேன். "எனக்கு இடுப்பு வுட்டுப்போச்சு."

முதலில் சிரித்தவர் அவர்தான். ஸ்டாண்டு போடாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். பிறகு வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். "நீ சொல்றது ஞாயந்தான். என் கையி பழக்கத்துல குட்துட்டேன். குட்தப்பறம் ராத்திரி எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு" என்றார். "சரி, எழுநூறு. ஆனா பன்னெண்டு பேருக்கு எனக்குக் கட்டாது. பதினோரு ஆளா வாங்க. அப்பறம், ஊர்ல யாருக்கும் சொல்லாதீங்க."

கடைசி நிபந்தனை அவர் வண்டி தெரு திரும்புவதற்குள் உடைந்தது. மூன்று பேர் போனில் இருந்தார்கள். அடையாள அட்டைக்குப் போட்டோ எடுத்து வைத்திருந்தவள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள். என் மனைவி அழுதாள், அழுதுகொண்டே அவளைத் திட்டினாள், திட்டிக்கொண்டே எல்லோரையும் கிளப்பினாள். நானும் கைலியைத் தூக்கிக் கட்டினேன்.

"நீ எங்க வர?" என்றாள்.

"வயலுக்கு."

"பதினோரு ஆளுதான் கேட்டாரு. எழுநூறு கூலிக்கு உன்ன மாதிரி ஆள வெச்சிகினா எங்க செட் பேரு கெட்டுப்பூடும்."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் என்னை வேலையிலிருந்து நீக்கியவர்கள் நிறையப் பேர். அவ்வளவு சந்தோஷமாக யாரும் நீக்கியதில்லை, நானும் அவ்வளவு சந்தோஷமாகப் போனதில்லை. "வூட்ல இருக்கறதுன்னா எங்களுக்கு மத்தியானம் சோறு ஆக்கி எடுத்தாந்துடு" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

பதினோரு பேருக்குச் சோறு. அரிசி களைந்து, கத்திரிக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்து, முந்தைய நாள் அபராதத்துக்குப் போண்டாவும் கடன் சொல்லி வாங்கி, பையன் சைக்கிளில் கட்டி எடுத்துப்போனேன். குழம்பில் உப்பு அதிகம் என்று பத்துப் பேர் சொன்னார்கள். புளி குறைவு என்று மாமியார் மகளிடம் சொன்னார். சட்டியில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

சாயங்காலம் பாத்திரத்தை எடுத்துவரப் போனபோது நிலத்துக்காரர் கூலி கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அவர் கை நானூறில் நின்றது, பிறகு நினைவு வந்து இன்னும் மூன்று நோட்டை எடுத்தது. மாமியார் தன் பங்கை வாங்கி எண்ணினார். மறுபடி எண்ணினார். இந்த முறை யாருக்கும் திருப்பிக் கொடுக்க நினைக்கவில்லை. ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வரப்பில் நிமிர்ந்து நடந்தார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்று, என் மனைவியைப் பார்த்துக் கை நீட்டினேன்.

"பதினோரு பேருக்கு ஆக்கினேன். இவ்ளோ தூரம் தூக்கினு வந்தேன். எனக்கு எத்தினி?"

அவள் நோட்டை எண்ணி மடித்து முந்தானையில் முடிந்தாள்.

"பன்னெண்டு வருஷமா ஆக்கிப் போட்டுகினு கீறேன்" என்றாள். "நீ எனக்கு எத்தினி குட்த்த?"

பத்துப் பெண்களும் சிரித்தார்கள். நிலத்துக்காரரும் சிரிக்க வாயெடுத்தார். பிறகு தன் வீட்டு ஞாபகம் வந்தவர் மாதிரி மூடிக்கொண்டார். நான் பதினோரு தட்டையும் அடுக்கி எடுத்துக்கொண்டு, பம்ப்செட் தண்ணீரில் கழுவ உட்கார்ந்தேன்.